மூடிய சுரங்கத்தில் தண்ணீர் எங்கே போகிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலை முடிந்து மூடப்பட்ட சுரங்கங்களின் நிலச் சீரமைப்பு, வடிகால் உறுதி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலான கடிதங்கள் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பகுதியிலிருந்து வந்தவை. ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு மண்ணியலாளர், ஒரு நீர்வளப் பொறியாளர் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

எங்கள் ஊராட்சி எல்லையிலுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் மரம் நட்டிருக்கிறார்கள், பார்க்கப் பச்சையாக இருக்கிறது. சீரமைப்பு முடிந்துவிட்டது என்கிறார்கள். அது சரியா என்று நாங்கள் எதை வைத்துச் சொல்வது?
– ஊராட்சி மன்ற உறுப்பினர், அரியலூர் மாவட்டம்

பச்சையை வைத்து முடிவு செய்யாதீர்கள். மார்கழி மாதத்தில் எந்த மண்மேடும் பச்சையாகத்தான் இருக்கும். யாரும் நடாவிட்டாலும் சீமைக்கருவேலம் இரண்டு மூன்று வருடத்தில் மூடிவிடும். முதலில் தண்ணீரைப் பாருங்கள். மேட்டின் உச்சியில் விழும் மழை எந்த வழியாக இறங்கி, எந்த வடிகாலில் சேர்ந்து, எந்தக் குட்டையில் மண்ணை விட்டுவிட்டு, எந்த ஓடை வழியாக ஏரிக்கோ மருதையாற்றுக்கோ போகிறது என்பதை விடாமல் நடந்து காட்டச் சொல்லுங்கள். இடையில் எங்காவது "இங்கே வந்து நிற்கும், அப்புறம் தானாகப் போய்விடும்" என்று சொன்னால், சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நடக்கும் முன் காகிதங்களைக் கையில் வாங்குங்கள். சுண்ணாம்புக்கல் பெருங்கனிமம். ஆகவே கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகள் 2017 பொருந்தும். மூடுவதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்பே இறுதிச் சுரங்க மூடல் திட்டத்தை இந்தியச் சுரங்கப் பணியகத்தின் ஒப்புதலுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அதிலுள்ள வரைபடம்தான் உங்கள் அளவுகோல்: எந்த மேடு எவ்வளவு உயரம், எத்தனை படி, வடிகால் எங்கே, குட்டை எத்தனை. சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தின் நகலை உள்ளாட்சி அமைப்புகளுக்கும் தர வேண்டும் என்பது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. எனவே ஊராட்சி அலுவலகத்தின் பழைய கோப்புகளிலும் தேடிப் பாருங்கள்.

நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். கொட்டும்போதே போக முடிந்தால் இன்னும் நல்லது, ஆனால் சரிவில் ஏறாமல் அடிவாரத்திலிருந்து பாருங்கள். 30 மீட்டர் டேப், 1 மீட்டர் நீளப் பலகை, ரசமட்டம், கடப்பாரை, நான்கைந்து கண்ணாடிப் பாட்டில்கள் போதும். பலகையைச் சரிவில் ஒரு முனை தொட மட்டமாகப் பிடித்து, மறுமுனைக்குக் கீழே தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்தால் சரிவு தெரிந்துவிடும். 50 செ.மீ. என்றால் 1-க்கு 2 சரிவு, ஏறத்தாழ 27 பாகை. 33 செ.மீ. என்றால் 1-க்கு 3, அதாவது 18 பாகை. மேல்மண்ணும் புல்லும் நீண்ட காலம் தங்க வேண்டுமானால் 1-க்கு 2-ஐவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. லாரியிலிருந்து கொட்டியபடியே விட்ட மண் 35 பாகைக்கு மேல் நிற்கும். அது சீரமைத்த சரிவு அல்ல, கொட்டிய குவியல்.

உச்சியின் தளம் விளிம்பை நோக்கிச் சாயாமல் உள்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். விளிம்பில் அரை மீட்டருக்குக் குறையாத வரப்பு அறுபடாமல் ஓட வேண்டும். ஒரே இடத்தில் வரப்பு உடைந்தாலும் உச்சியின் தண்ணீர் முழுவதும் அந்த வாய் வழியாகப் பாய்ந்து ஒரே மழையில் ஆளுயரப் பள்ளம் பறிக்கும். படிகளும் உள்நோக்கிச் சாய்ந்து, பக்கவாட்டில் மெல்லிய வாட்டத்தோடு இறங்குவடிகாலுக்குத் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும்.

சரிவில் சாண் அகல வரிகள் தெரிந்தால் அளந்துவிடுங்கள். 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் ஒன்றைக் கயிறு கட்டிக் குறியுங்கள். அதில் மேலிருந்து கீழாக 5 ஓடைகள், ஒவ்வொன்றும் 20 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழம், வி வடிவம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஓடையில் போன மண் 0.1 கன மீட்டர், ஐந்துக்கும் அரை கன மீட்டர். கன மீட்டருக்கு 1.5 டன் என்றால் முக்கால் டன். ஹெக்டேர் கணக்கில் அது 75 டன். நல்ல நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 டன் வரை இழப்பைத் தாங்கும் என்பது பொதுவான அளவுகோல். வெறும் சாண் அகல வரிகள்தானே என்று விடக் கூடாதது இதனால்தான்.

கடைசியாக வண்டல் குட்டை. மழைக்காலம் முடிந்து குட்டை மண்ணால் நிறைந்திருந்தால் மேலே அரிப்பு நடக்கிறது. குட்டையில் மண்ணே இல்லை என்றால் மகிழ்ந்துவிட வேண்டாம். சரிவு உறுதியாக இருக்கலாம். தண்ணீர் குட்டைக்கு வராமலே வேறு வழியில் வெளியேறிக்கொண்டும் இருக்கலாம். மழையின்போது சுரங்கத்துக்கு மேலே ஓடையில் ஒரு பாட்டில், சுரங்கம் தாண்டிய இடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் படிந்த மண்ணின் உயரம் இரண்டிலும் எவ்வளவு என்று ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டிப் படம் எடுத்து வைத்தால் மனுவோடு இணைக்கலாம்.

மண்மேட்டைச் சுற்றி வெட்டும் கார்லண்ட் வடிகாலின் அளவை எப்படிக் கணக்கிடுவது? எல்லா இடத்திலும் ஒரே அளவில் வெட்டுகிறார்களே?
– சிவில் டிப்ளமோ மாணவி, பெரம்பலூர்

எல்லா இடத்திலும் ஒரே அளவு என்பதே தவறு. வடிகால் தொடங்கும் இடத்தில் கொஞ்சம் தண்ணீர், முடியும் இடத்தில் முழுத் தண்ணீர். பொக்லைன் வாளியின் அகலம்தான் வடிகாலின் அகலம் என்று வெட்டினால் முடிவுப் பக்கம் வழிந்து மேட்டின் அடியை அறுக்கும்.

முதலில் நீரளவு. ஓட்டக் கெழு (விழும் மழையில் தரைமேல் ஓடும் பங்கு), மணிக்கு மி.மீ. அளவில் மழைச் செறிவு, ஹெக்டேரில் பரப்பு ஆகிய மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 4 ஹெக்டேர் சரிவு, செடி சரியாகப் பிடிக்காத மண்ணுக்குக் கெழு 0.6, செறிவு மணிக்கு 100 மி.மீ. என்று எடுத்தால் விடை 0.67 கன மீட்டர். செறிவை உங்கள் மாவட்டத்தின் மழைப் பதிவிலிருந்து எடுங்கள். நாள் மொத்தத்தை 24-ஆல் வகுத்து எடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவத்தில் ஒரு நாள் மழையின் பெரும்பகுதி இரண்டு மணி நேரத்தில் கொட்டிவிடும்.

அடுத்து குறுக்குவெட்டு. அடி அகலம் 60 செ.மீ., பக்கச் சரிவு 1-க்கு 1, நீர் ஆழம் 50 செ.மீ., வாட்டம் நூற்றுக்கு ஒன்று, கல் பதித்த பரப்புக்கு மேனிங் கெழு (பரப்பின் சொரசொரப்பைக் காட்டும் எண்) 0.035 என்று போட்டால், வேகம் வினாடிக்கு 1.2 மீட்டர், கொள்ளளவு 0.66 கன மீட்டர். நமக்கு வேண்டியது கிட்டத்தட்டச் சரியாக வந்துவிட்டது. அதன்மேல், தண்ணீர் வழியாமல் இருக்க விடும் வெற்றுக்கரை 30 செ.மீ. சேர்த்தால் வெட்ட வேண்டிய ஆழம் 80 செ.மீ., மேல் அகலம் 2.2 மீட்டர்.

அந்த 1.2 மீட்டர் வேகத்தைக் கவனியுங்கள். மணல் கலந்த வெறும் மண் 0.6 மீட்டருக்கு மேல் தாங்காது. நன்றாக அடர்ந்த புல் 1.5 வரை தாங்கும், ஆனால் புல் அடர்வதற்குள் மழை வந்துவிடும். ஆகவே இந்த வடிகாலுக்குக் கல் பதிப்பு கட்டாயம். கல்லை நேராக மண்மேல் பதிக்காமல், அடியில் 10 முதல் 15 செ.மீ. சரளையோ வடிகட்டித் துணியோ போட்ட பிறகு பதிக்க வேண்டும். இல்லாவிட்டால் கல் இடுக்கு வழியாக மண்ணைத் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டே போகும். கற்கள் அப்படியே கீழே அமிழும்.

மேட்டின் படிகளிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் வடிகால்தான் பெரும்பாலும் முதலில் பழுதாகிறது. அங்கே வாட்டம் 1-க்கு 2 கூட இருக்கும், கம்பிவலைக் கற்கூடை போல கனமானது எதுவும் இல்லாமல் நிற்காது. பழுதும் வடிகாலின் நடுவில் வருவதில்லை. வாய் தரைமட்டத்தைவிடக் கொஞ்சம் உயரமாக அமைந்துவிட்டால் தண்ணீர் உள்ளே நுழையாமல் பக்கவாட்டில் ஓடிப் புது ஓடை வெட்டும். பத்தாயிரக்கணக்கில் செலவழித்த கற்கூடை உலர்ந்து கிடக்க, பக்கத்தில் பள்ளம் ஆழமாகும். வாயை 10 முதல் 15 செ.மீ. தாழ்த்தி, இருபுறமும் கைபோல விரித்த சிறகுச் சுவர் வைத்தால் இது வராது. கீழ்முனையில் தண்ணீரின் வேகம் அடங்கப் பெரிய கற்கள் போட்ட ஒரு குழியும் வேண்டும்.

நிரப்பிய குழியின்மேல் சரியான வாட்டத்தில் சிமென்ட் வடிகால் கட்டினோம். இரண்டு வருடம் கழித்து நடுவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, இணைப்புகளில் விரிசலும் இருக்கிறது. சிமென்ட் கலவையில் குறையா?
– ஒப்பந்ததாரர், செந்துறை

கலவையில் குறை தேடாதீர்கள். தரை இறங்கியிருக்கிறது. திணிக்காமல் கொட்டிய நிரப்புமண், தன் எடையாலும் முதல்முறை நன்றாக நனையும்போதும், ஆழத்தில் 1 முதல் 3 விழுக்காடு வரை இறங்குவது வழக்கம். பெரிய களிமண் கட்டிகளாகக் கொட்டியிருந்தால் இன்னும் கூடும். கட்டிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களைத் தண்ணீர் புகுந்து இளக்கி ஒரேயடியாக அமுக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மீட்டர் வடிகால், 200-க்கு 1 வாட்டம், மொத்த இறக்கம் 50 செ.மீ. அது குழியின் நடுவில் தொடங்கி, தோண்டாத பாறை விளிம்பில் முடிகிறது. விளிம்பு இறங்காது. நடுவில் நிரப்பு 20 மீட்டர் ஆழம் என்றால், 2 விழுக்காட்டில் 40 செ.மீ. இறங்கும். மிச்சம் 10 செ.மீ. வாட்டம்தான். 30 மீட்டர் ஆழம் என்றால் 60 செ.மீ. இறங்கி வாட்டம் எதிர்த் திசைக்குத் திரும்பிவிடும். தேங்கிய தண்ணீர் விரிசல் வழியாக உள்ளே போய் அடிமண்ணை இன்னும் நனைக்கும், இன்னும் இறங்கும். சில இடங்களில் சிமென்ட் ஓடு பாலம்போல அந்தரத்தில் நிற்க, தண்ணீர் அதற்கு அடியில் ஓடுவதைப் பார்க்கலாம். கடப்பாரையால் தட்டினால் வெற்றொலி கேட்கும்.

இனிச் செய்ய வேண்டியது: நிரப்புத் தளத்தை நடுவில் உயர்த்தி ஆமை முதுகுபோல அமைத்து, 2 விழுக்காட்டுக்குக் குறையாத வாட்டம் கொடுங்கள். முதல் இரண்டு வடகிழக்குப் பருவங்களுக்கு மண் வடிகாலோ உலர்கல் பதிப்போ போதும். கல், தரையோடு சேர்ந்து இறங்கும், மறுபடி எடுத்துப் பதிக்கலாம். சிமென்ட்டுக்கு அந்தக் குணம் இல்லை. இதற்கிடையில் 16 மி.மீ. கம்பியை 1 மீட்டர் நீளத்தில் வெட்டி, 50 மீட்டருக்கு ஒன்றாக அடித்துத் தலையைச் சிமென்ட்டில் பதியுங்கள். கம்பிகளின் மட்டத்தை ஒப்பிடும் அளவுக்குறியை நிரப்புக்கு வெளியே தோண்டாத பாறையில் வையுங்கள். நிரப்பின்மேலேயே குறி வைத்தால் அதுவும் சேர்ந்து இறங்கி "எதுவும் நகரவில்லை" என்று காட்டும். ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியால் மழைக்கு முன்னும் பின்னும் அளவு எடுத்து, ஆண்டுக்கு 1 செ.மீ.க்குள் வந்த பிறகு நிலையான வடிகாலைக் கட்டுங்கள்.

நெய்வேலி போன்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. அங்கே படிவுக்கு அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு இருக்கிறது. இரவும் பகலும் இறைத்தால்தான் தோண்டவே முடியும். அப்படிப்பட்ட இடத்தில் இறைப்பை நிறுத்தினால் நீர்மட்டம் மேலேறி நிரப்பை அடியிலிருந்து நனைக்கும். பல ஆண்டு அசையாமல் இருந்த தரைகூட அப்போது இறங்கும். இறைப்பை நிறுத்திய நாளிலிருந்து அளவீட்டைப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

மேல்மண் பரப்பித்தான் கன்று நட்டோம். முதல் ஆண்டு நன்றாக வந்த வேம்பும் புங்கனும் மூன்றாம் ஆண்டில் முனை கருகுகின்றன. தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை.
– தன்னார்வக் குழுவினர், ஜெயங்கொண்டம்

வேர் அடியில் முட்டி நிற்கிறது. டம்பர் லாரிகள் மாதக்கணக்கில் ஓடிய தளத்தின்மேல் 30 செ.மீ. மேல்மண் போட்டால், அது கல்தரையில் விரித்த பாய்தான். ஒரு கன்றைத் தோண்டிப் பாருங்கள். வேர் கீழே போகாமல் ஓரிடத்தில் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருக்கும்.

உறுதி செய்ய 10 செ.மீ. உள்விட்டமும் 12.7 செ.மீ. உயரமும் கொண்ட உருளையை மேல்மண்ணுக்குக் கீழே அடித்து மண் எடுங்கள். அதன் கொள்ளளவு 1 லிட்டர். 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி நிறுத்தால் வரும் கிலோ எடையே மண்ணின் அடர்த்தி. களிமண்ணில் 1.5-க்கு மேல், மணற்பாங்கான மண்ணில் 1.7-க்கு மேல் போனால் வேர் திணறும். கடப்பாரைக் குழி வெட்டி நல்ல மண் நிரப்பிக் கன்று வைப்பது இங்கே உதவாது. அந்தக் குழி பூந்தொட்டிபோல ஆகி, மழையில் தண்ணீர் தேங்கி வேரை அழுகவைக்கும், கோடையில் காய்ந்துவிடும்.

டோசரின் கொக்கியால் 60 முதல் 90 செ.மீ. ஆழம், 1 மீட்டர் இடைவெளியில், சமமட்டக் கோட்டிலேயே கிழிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் மண் உலர்ந்திருக்கும்போது செய்யுங்கள். ஈரக் களிமண்ணில் கொக்கி போனால் கத்தி போன வெண்ணெய்போல ஒரு கோடு விழும், மண் உடையாது. கிழித்த பிறகு மேல்மண்ணை ஒரே ஓட்டத்தில் பரப்பி, அதன்மேல் மறுபடி வண்டி ஏற்றாதீர்கள். முதலிரண்டு ஆண்டுக்குக் கொளுஞ்சி, சணப்பை, முயல்மசால், கொழுக்கட்டைப்புல் போடுங்கள். மரம் அதற்குப் பிறகு வரட்டும். மேல்மண் குவியலையும் 3 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். பல ஆண்டு குவித்து வைத்த மேல்மண்ணில் உயிர் போய்விட்டிருக்கும்.

இறுகிய தரை வடிகாலையும் கெடுக்கும். தரைக்குள் போக வேண்டிய மழை முழுவதும் மேலோடி வடிகாலுக்கு வரும்போது, வடிகாலுக்குப் போட்ட கணக்கே பொய்த்துவிடும்.

புல் நன்றாகப் பிடித்த சரிவில் ஆங்காங்கே பொந்துகள் விழுகின்றன. எலி வளை என்று நினைத்தோம். மழையில் அதற்குள் தண்ணீர் போய்க் கீழே கலங்கலாக வெளிவருகிறது.
– விவசாயி, ஆலத்தூர் வட்டம்

எலி வளையில்லை, மண்ணுக்குள் குடைந்து போகும் குழாய் அரிப்பு. சோடியம் மிகுந்த களிமண் தண்ணீர் பட்டதும் துகள் துகளாகப் பிரிந்து பால்போலக் கரைந்து ஓடும். மேலே புல் இருக்கும், உள்ளே குழாய் உருவாகும், ஒரு நாள் மேல்தளம் அப்படியே உள்வாங்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். பட்டாணி அளவு உலர்ந்த மண் கட்டியைக் கண்ணாடிக் குவளையில் மழைநீரிலோ பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரிலோ மெதுவாக இடுங்கள், கலக்காதீர்கள். பத்து நிமிடத்திலும் இரண்டு மணி நேரத்திலும் பாருங்கள். கட்டியைச் சுற்றிப் பால் மேகம் படர்ந்தால் இந்த மண்தான். கட்டி உதிர்ந்து குவிந்து, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் அந்த வகையல்ல. கிணற்று நீரில் சோதிக்க வேண்டாம், அதிலுள்ள உப்பு கரைவதை மறைத்துவிடும்.

பொந்தின் வாயை மட்டும் மண்ணால் அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு வாய் தேடும். குழாய் போகும் வழி முழுவதையும் வெட்டித் திறந்து, ஜிப்சம் கலந்த மண்ணை 15 செ.மீ. அடுக்குகளாக, லேசான ஈரத்தில் திணித்து நிரப்புங்கள். சரிவின் மேற்பரப்புக்கு ஹெக்டேருக்கு 2.5 முதல் 5 டன் வரை ஜிப்சம் இடுவது வழக்கம். சரியான அளவை மண் பரிசோதனை நிலையத்தில் சோடியம் விழுக்காடு பார்த்து முடிவு செய்யுங்கள். முக்கியமாக, இத்தகைய மண்ணில் தண்ணீர் தேங்கும்படி சமமட்ட அகழிகளும் நீர் உறிஞ்சு குழிகளும் வெட்டவே கூடாது. மற்ற நிலத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் அதே அகழி இங்கே குழாய்க்கு வாயாக அமையும்.

உங்கள் வட்டத்திலேயே காரை கிராமத்துப் பக்கம் செடி தங்காமல் மழை வெட்டிய களிமண் ஓடைகள் மேடும் பள்ளமுமாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுரங்கம் எதுவும் தோண்டாமல் இயற்கையே செய்தது அது. அப்படிப்பட்ட களிமண்ணைத் தோண்டியெடுத்து மேட்டின் மேற்பரப்பில் வெளிக்காட்டிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கொட்டும்போதே அதை உள்ளே புதைத்து, சுக்கான் சரளையால் மூட வேண்டும்.

எங்கள் தெருவுக்கு மேலே பழைய மண்மேடு இருக்கிறது. உச்சியில் நீளமாக விரிசல் விட்டிருக்கிறது. அடிவாரத்தில் கோடையிலும் ஓரிடம் ஈரமாகவே இருக்கிறது. பயப்பட வேண்டுமா?
– இல்லத்தரசி, பெயர் வெளியிட வேண்டாம்

ஆம், இதை உடனே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விரிசல் தனியாக இருந்தால் உலர்ந்த களிமண்ணின் வெடிப்பாக இருக்கலாம். அடிவார ஈரம் தனியாக இருந்தாலும் பலமுறை சரிசெய்யக்கூடியதே. இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் கவலை. மேட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது, மேடு அசையத் தொடங்கியிருக்கிறது என்பதற்கான அடையாளங்கள் அவை.

காய்ந்த வெடிப்பு எல்லாத் திசையிலும் ஆமை ஓடுபோலப் பிளந்திருக்கும். சரியும் விரிசல் விளிம்புக்கு இணையாகவோ பிறைபோல வளைந்தோ ஓடும். கீழ்ப்பக்கம் ஒரு படிபோல இறங்கியிருக்கும். விரிசலின் இருபுறமும் பக்கத்துக்கு ஒரு முளை அடித்து, இடைவெளியை வாரம் ஒருமுறையும் மழைநாளில் தினமும் அளந்து எழுத வேண்டும். இதை விவரமறிந்தவர்கள் பகலில், இருவராகப் போய்ச் செய்யட்டும். வாரத்துக்கு 2 மி.மீ. என்று விரிந்தது நாளுக்கு 2 மி.மீ. ஆனால், அளந்துகொண்டிருக்க நேரமில்லை, கீழே உள்ளவர்கள் வெளியேற வேண்டும். அடிவாரத் தரை புடைத்தாலும், மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தாலும், தெளிவாகக் கசிந்த நீர் திடீரென்று கலங்கினாலும் அப்படியே.

இடைக்கால வேலைகள் எளியவைதான். உச்சியின் தண்ணீர் விரிசலுக்கு வராமல் திருப்பிவிட வேண்டும். விரிசலைக் களிமண்ணால் இடித்து அடைத்து மேலே மேடாக்க வேண்டும். அடிவாரத்தில் கசியும் இடத்தை மண்ணால் மூடவே கூடாது. மூடினால் உள்ளே அழுத்தம் கூடும். சரளை வடிகட்டி போட்டு, அதன்மேல் பெரிய கற்களை அடுக்கினால் தண்ணீர் வெளியேறும், மண் வெளியேறாது, கல்லின் எடை அடியையும் தாங்கும். அடிவாரத்தில் வீடு கட்டவும் சாலை போடவும் மண் அள்ளுவதை முதலில் நிறுத்துங்கள். அடியில் எடுக்கும் ஒவ்வொரு லோடும் மேலே ஏற்றும் லோடுக்குச் சமம்.

1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டின் அபெர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்து 144 பேர் இறந்தார்கள். 116 பேர் குழந்தைகள். அந்த மேட்டை ஊற்றுகளின்மேல் கொட்டியிருந்தார்கள். ஆகவே உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள்: மேடு வருவதற்கு முன்பு அந்த இடத்தில் ஊற்றோ ஓடையோ குட்டையோ இருந்ததா? இருந்தது என்றால் மனுவில் அதை முதல் வரியாக எழுதுங்கள். பழைய கிராம வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு என்று புல எண்ணும் இருக்கும்.

அதிகாரிகள் வந்தால் கேட்க வேண்டியது நிலைப்புக் கணக்கு. சரியவைக்கும் விசையைவிடத் தாங்கும் விசை எத்தனை மடங்கு என்பதே பாதுகாப்புக் காரணி. நிரந்தரமாக விட்டுப்போகும் மேட்டுக்கு 1.5 எதிர்பார்க்கப்படுகிறது. மண் நனைந்து நீர்மட்டம் உயர்ந்த நிலையை வைத்துப் போட்ட கணக்கா என்று கேளுங்கள். உலர்ந்த மண்ணுக்குப் போட்ட கணக்கால் உங்கள் தெருவுக்குப் பயன் இல்லை. இந்திய நிலக்கரிச் சுரங்க விதிகளில் மேட்டின் சரிவு 37.5 பாகையைத் தாண்டக் கூடாது, 30 மீட்டருக்கு மேல் போனால் படி வெட்ட வேண்டும் என்று இருக்கிறது. அது கொட்டும் காலத்துக்கான மேல்வரம்பு. ஆண்டாண்டுக்கும் நிற்க வேண்டிய மேட்டுக்கு அதை இலக்காகக் கொள்ளக் கூடாது.

கைவிட்ட குழியில் வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. பாசனத்துக்கு இறைக்கலாமா?
– விவசாயி, திருமானூர்

மாவட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதியோடு இறைக்கலாம். மூன்றைக் கவனியுங்கள்.

ஒன்று, இறங்கும் வேகம். குழியின் கரைமண் தண்ணீரை உறிஞ்சி நிற்கிறது. குழிநீர் சட்டென்று இறங்கினால் மண்ணுக்குள் உள்ள நீர் அதே வேகத்தில் வெளிவர முடியாது. தாங்கிக்கொண்டிருந்த நீர் போய்விட, கனத்த கரை சரியும். நாளுக்கு 30 செ.மீ.க்கு மேல் இறக்காதீர்கள். 2 ஹெக்டேர் பரப்புள்ள குழியில் 30 செ.மீ. என்பது 60 லட்சம் லிட்டர். வினாடிக்கு 15 லிட்டர் இறைக்கும் மோட்டார் பத்து மணி நேரம் ஓடினாலும் 5.4 லட்சம்தான், ஆபத்தில்லை. ஆனால் கால் ஏக்கர் குழியில் அதே மோட்டார் அரை மீட்டருக்கு மேல் இறக்கிவிடும். கரை சரியும் குழிகள் பெரும்பாலும் இந்தச் சின்னக் குழிகளே.

இரண்டு, நீரின் தன்மை. சுண்ணாம்புப் பகுதி நீரில் அமிலப் பயம் குறைவு, கடினத்தன்மையும் சல்ஃபேட்டும்தான் கூடும். குடிக்கவும் பயன்படும் என்றால் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மி.கி., சல்ஃபேட் 200 மி.கி. என்பவை இந்தியத் தர அளவின் ஏற்கத்தக்க வரம்புகள். கோடை முடிவில் ஒரு மாதிரி, மழை முடிவில் ஒரு மாதிரி கொடுங்கள்.

மூன்று, குழிக்குள் தண்ணீர் வரும் வாய். வயல் பக்கத்து ஓடை நேராகச் சுவரின்மேலிருந்து குழிக்குள் விழுந்தால், விழும் இடம் ஒவ்வொரு மழைக்கும் பின்னோக்கி வெட்டிக்கொண்டே வயலுக்குள் வரும். பிறகு ஏக்கர் கணக்கில் நிலம் போகும். ஓடையை ஓரிடத்தில் சேர்த்துக் கல் பதித்த சரிவு வழியாக நீர்மட்டம் வரை இறக்குங்கள். குழி நிரம்பினால் வழிய ஒரு வாயும் முன்பே தீர்மானித்துக் கட்டியிருக்க வேண்டும். கரையில் ஓரிடத்தில் மட்டும் மெல்லிய சரிவோடு இறங்குதுறை அமைத்து மற்றப் பக்கமெல்லாம் வேலி போடுங்கள். செங்குத்துச் சுவர்க் குழியில் நீந்தத் தெரிந்த பிள்ளையும் கரையேற முடியாது.

மூடிய பிறகு எத்தனை ஆண்டு கண்காணிக்க வேண்டும்? அதற்குப் பணம் யாருடையது?
– சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

பணம் சுரங்கம் நடத்தியவருடையது. 2017 விதிகளில், மூடல் வேலைக்கு ஈடாக அவர் தர வேண்டிய வைப்புத்தொகை ஹெக்டேருக்கு ஏ பிரிவுச் (பெரிய) சுரங்கத்துக்கு 3 லட்சம், பி பிரிவுக்கு (மற்றவை) 2 லட்சம் ரூபாயாக இருந்தது. 2021 திருத்தத்தில் அவை 5 லட்சம், 3 லட்சம் ஆயின. கல் பதிப்பும் கற்கூடையும் என்ன விலை விற்கிறது என்று தெரிந்தவர்களுக்கு, ஒரு பெரிய மேட்டைத் திருத்த இது போதாது என்பது புரியும். பணத்தைத் திருப்பித் தரும் முறையில் அமெரிக்காவின் 1977 நிலக்கரிச் சுரங்கச் சட்டத்தைப் பார்க்கலாம். குழி நிரப்பி, சரிவு திருத்தி, வடிகால் அமைத்தால் வைப்புத்தொகையில் 60 விழுக்காடு வரை விடுவிக்கலாம். மிச்சத்தில் ஒரு பகுதி செடி பிடித்த பிறகு. கடைசிப் பகுதி, கடைசியாக விதை, உரம், நீர் இட்ட நாளிலிருந்து 5 ஆண்டு, மழை குறைந்த பகுதிகளில் 10 ஆண்டு கழித்தே. நடுவில் மறுபடி நட்டால் எண்ணிக்கை திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும்.

நம் ஊருக்கு எங்கள் கருத்து: ஐந்து வடகிழக்குப் பருவங்கள், அதில் ஒன்றாவது கனமழை ஆண்டாக இருக்க வேண்டும். ஐந்தும் வறட்சியாகப் போனால் எண்ணிக்கையை நீட்டுங்கள். மழை பெய்யாத ஆண்டில் எந்த வடிகாலும் உடைவதில்லை.